மரியாதைப் பந்து

றஜீனாவுக்கு வாய் நீளம் என்று லண்டன் கிங்ஸ்பரியில் சொல்லாத ஆள் இல்லை. நீளம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்த வாயை வைத்துத்தான் அவள் கார் ஓட்டப் பழக்கிப் பிழைக்கிறாள். ரவுண்டபவுட்டின் நடுவில் ஸ்டியரிங்கைக் கைவிட்டு அழுகிற மருமகளையும், ஊரில் லொறியே ஓட்டியவன் என்று மார்தட்டிவிட்டு டெஸ்டில் திரும்பத் திரும்பப் பெயிலாகிற மாமனாரையும் ஒரே காரில் வைத்து அடக்க வேண்டுமென்றால் வாய் நீளாமல் வேறு எது நீளும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறொரு வேலை. பேஸ்போல் அம்பயர். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். லண்டன் தமிழருக்குப் பேஸ்போல் எங்கிருந்து வந்ததென்றால், ரொறொன்ரோவிலிருந்து வந்தது. அங்கே மச்சான்மார் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே சிலர் ஒரு கோடையில் மட்டை வாங்கினார்கள். மச்சான்மாருக்கு நாங்கள் என்ன குறைச்சல் என்கிற வீறாப்பில் அது லீக் ஆகிவிட்டது. வெஸ்ட் ஈலிங்கில் ஒரு அணி, ஈஸ்ட் ஹாமில் ஒன்று, கிங்ஸ்பரித் தேவாலயப் பங்கின் இளைஞர் மன்றத்துக்கு ஒன்று. அந்த இளைஞர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது என்பது வேறு கதை.

றஜீனா மன்னாரில் கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடியவள். அதுவும் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற ஆட்டம்தான். ஆனால் பேஸ்போலில் அவளை இழுத்தது அடியோ ஓட்டமோ இல்லை, அந்த அம்பயர். முகக்கவசமும் நெஞ்சுக் காப்பும் மாட்டிக்கொண்டு, ஹோம் ப்ளேட் என்கிற வெள்ளைப் பலகைக்குப் பின்னால், பந்து பிடிக்கிற கேட்சரின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்து, ஒவ்வொரு பந்துக்கும் வாய் திறந்து தீர்ப்புச் சொல்கிற ஆள். வீட்டில் அவள் ஒன்று சொன்னால் கணவன் ஜெஸ்ரின் "பாப்பம்" என்பான். பங்குக் கூட்டத்தில் அவள் சொன்னதை ஒரு ஆம்பிளை திருப்பிச் சொன்னால்தான் மற்றவர்களுக்குக் காது கேட்கும். ப்ளேட்டுக்குப் பின்னால் மட்டும் அவள் ஸ்ட்ரைக் என்றால் ஸ்ட்ரைக். அந்த இடத்தில் அவளுக்கு அப்படியொரு ஆசை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். அடிக்கக்கூடிய இடத்தில் வந்த பந்தை அடிக்காமல் விட்டாலும், மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் ஆள் அவுட். எட்டாத இடத்தில் வந்த பந்துக்கு 'போல்' என்று சொல்ல வேண்டும். நாலு போல் ஆனால் அடிக்கிறவர், ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்குச் சும்மாவே நடந்து போகலாம். எது எங்கே வந்தது என்று சொல்கிறவர் அம்பயர்.

இந்த வசந்தத்தில் லீக் செயலாளர் கணேசலிங்கம் அவளை வந்து கேட்டார். சீசன் தொடங்குமுன் புது அம்பயர்கள் நாலு பேரைப் பழக்கித் தர வேண்டும், உம்மை விட்டால் ஆளில்லை என்றார். கணேசலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. மழை வந்தால் மைதானத்தைத் தார்ப்பாயால் மூடுவதற்கு முதலில் ஓடுகிறவர் அவர்தான். எல்லோரையும் திருப்திப்படுத்தியே தீருவது என்று ஒரு வியாதி அவருக்கு உண்டு. றஜீனா யோசிக்காமல் ஒத்துக்கொண்டாள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் பங்கு மண்டபத்தில் வகுப்பு தொடங்கியது.

வந்த நாலு பேரில் மூத்தவர் யோகராஜா. யாழ்ப்பாணத்திலும் இங்கேயும் கிரிக்கெட் அம்பயராக நின்று பழுத்தவர். அந்தப் பழுத்ததே வினையாகிவிட்டது. முதல் பயிற்சி ஆட்டத்தில் ஓடுகிறவன் பேஸைத் தொடுமுன் பந்து வந்து சேர்ந்துவிட்டது, சந்தேகமே இல்லாத அவுட். எல்லோரும் யோகராஜாவைப் பார்த்தார்கள். யோகராஜா எல்லோரையும் பார்த்தார். கடைசியில் றஜீனா வேலிக்கு வெளியிலிருந்து கத்திக் கேட்டதற்கு, "ஒருத்தரும் கேக்கேல்லையே, தங்கச்சி" என்றார். கிரிக்கெட்டில் பந்து போட்டவன் கையைத் தூக்கிக் கேட்டால்தான் அம்பயர் விரலை உயர்த்தலாம். கேட்காதவனுக்கு அவுட் கொடுப்பது அவருடைய மதத்திலேயே இல்லை.

"இஞ்ச ஒருத்தரும் கேக்க மாட்டினம், அண்ணை. கேக்காமலே நீங்கள் சொல்லோணும்" என்றாள் றஜீனா. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பந்துக்கும் யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து அவரை மீட்பதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சட்டப் புத்தகத்தில் இருந்ததை மட்டும் அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்சருக்குப் பந்து பட்டு வலித்தால், அம்பயர் முன்னே போய்க் குனிந்து, சுத்தமாகவே இருக்கிற ப்ளேட்டைத் தூரிகையால் ஆறுதலாகத் துடைக்க வேண்டும். அந்த நேரத்தில் கேட்சர் மூச்சு வாங்கிக்கொள்வார். அம்பயருக்குப் பட்டால் கேட்சர் எழுந்து பந்து போடுகிறவரிடம் போய் எதையாவது பேசி நேரம் கடத்துவார். துடைக்கும்போது பார்க்க வந்த சனத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டக் கூடாது. இவை எங்கேயும் எழுதியில்லை, எழுதவும் தேவையில்லை. காரிலும் அப்படித்தான். ஒடுக்கமான தெருவில் எதிரே வருகிறவன் லைற்றை அடித்தால் 'நீ வா' என்று அர்த்தம் என நெடுஞ்சாலைப் புத்தகம் சொல்லவில்லை. ஆனால் லண்டனில் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் பாதிப் பேர் வீடு போய்ச் சேரமாட்டார்கள்.

பிரச்சினை ஒரு பயிற்சி ஆட்டத்தில் வெடித்தது. அன்றைக்கு ஈஸ்ட் ஹாம் அணி பழக வந்திருந்தது. அதன் தலைவர் சுப்பிரமணியன், ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடை வைத்திருப்பவர், தஞ்சாவூர்க்காரர். மைதான வாடகை, தலைக்கவசம், மட்டை எல்லாம் அவர் புண்ணியம். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதிலும் ஆடாமல் இருக்கமாட்டார். ப்ளேட்டுக்குப் பின்னால் நின்றது ஜெனோஜா, வகுப்பிலேயே கண் கூர்மையான பெண், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். சுப்பிரமணியனுக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது. மூன்றாவது பந்து ப்ளேட்டின் நடுவாக, இடுப்பு உயரத்தில், கண் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரி வந்தது. அவர் மட்டையை அசைக்கவில்லை. ஜெனோஜா "போல்" என்றாள்.

அடுத்ததையும் போல் என்றாள். கடைசியில் சுப்பிரமணியன் சிரித்துக்கொண்டே முதல் பேஸுக்கு நடந்து போனார். றஜீனா ஜெனோஜாவிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். ஜெனோஜா நிலத்தைப் பார்த்தாள்.

பதில் யோகராஜாவிடமிருந்து வந்தது. காருக்குள் ஏறப் போனவளை நிறுத்தி, "நீங்கள்தானே சொன்னனீங்கள், கேக்காமலே சொல்லோணும் எண்டு. அப்ப சொல்லுறன்" என்று தொடங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்டபத்தில் வகுப்பு முடிந்து அவள் அடுத்த லேர்னரை ஏற்றப் புறப்பட்ட பிறகு, கார் பார்க்கில் கணேசலிங்கம் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு இன்னொரு வகுப்பு நடத்துகிறாராம். உள்ளே படித்தது சட்டம், இது வழக்கம் என்பாராம். அந்த வழக்கங்களில் முதலாவது, சுப்பிரமணியன் எந்த ஆட்டத்திலும் முதல் தடவை அடிக்க வரும்போது அவருக்கு மூன்றாவது ஸ்ட்ரைக் கிடையாது. இரண்டு விழுந்தபின் எதிரணி பந்தை எட்டாத இடத்தில் போடும், தப்பி உள்ளே வந்தாலும் அம்பயர் போல் என்பார். மரியாதைப் பந்து என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

றஜீனாவுக்குக் காது சுட்டது. இத்தனை வருடத்தில் ஈஸ்ட் ஹாம் ஆடுகிற நாட்களில் அவளுக்கு ஒரு தடவைகூட ப்ளேட் தந்ததில்லை. பேஸ் பக்கம் நிறுத்துவார்கள், அல்லது வேறு ஆட்டத்துக்கு அனுப்புவார்கள். பெண் என்பதால்தான் என்று நினைத்து, அதற்கொரு சண்டையை மனதுக்குள் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தாள். பெண் என்பதால் இல்லையாம், வாய் என்பதாலாம். கட்டி வைத்த சண்டை வீணாகப் போனதில் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கணேசலிங்கத்தை அன்றைக்கே பிடித்தாள். அவர் மறுக்கவில்லை. அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போனால் மைதானமும் போகும், லீக்கும் போகும், உம்முடைய ப்ளேட்டும் சேர்ந்து போகும் என்றார். ஒரே ஒரு பந்து, அதுவும் ஆட்டத்துக்கு ஒரு தடவை, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டார். நீர்கூடப் புத்தகத்தில் இல்லாததைச் சொல்லிக் கொடுக்கிறீர்தானே என்று மடக்கவும் பார்த்தார்.

"நான் சொல்லிக் குடுக்கிறது எல்லாருக்கும் தெரியும், அண்ணை. ப்ளேட்டைத் துடைச்சா எதிர்ப் பக்கத்துக்கும் விளங்கும், ஏன் துடைக்கிறன் எண்டு. உங்கட வழக்கம் நல்லதெண்டா ஏன் கார் பார்க்கில சொல்லுறீங்கள்? வாற சனிக்கிழமை கடைசி வகுப்பு. எல்லா அணித் தலைவர்மாரையும் கூப்பிடுறன். ஹோலில வந்து போர்டில எழுதிச் சொல்லுங்கோ. சொல்ல ஏலுமெண்டா நானே அதைப் படிப்பிக்கிறன்."

சொல்ல முடியாவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அவள் சும்மா வெருட்டுகிறாள் என்றே நினைத்தார். வீட்டில் ஜெஸ்ரினும் அதையே நினைத்தான். பிறகு அவள் ஒவ்வொரு தலைவருக்கும் போன் எடுப்பதைக் கேட்டுவிட்டு, உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை, ஞாயிற்றுக்கிழமையாவது சந்தோசமாக இருக்கிறீர், அதையும் கெடுத்துக்கொள்ளப் போகிறீர் என்றான். அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். ப்ளேட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே அடுத்த நம்பரை அழுத்தினாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. சுப்பிரமணியனும் வந்தார், பெரிய பெட்டி நிறைய மிக்சரோடு. முன்வரிசையில் அமர்ந்து, அம்பயர்மாருக்கு வகுப்பு நடப்பது ரொம்ப நல்ல காரியம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். றஜீனா புத்தகத்தில் இருந்த சட்டங்களைச் சொல்லி முடித்தாள். பிறகு எழுதாத வழக்கங்களைச் செயலாளர் சொல்வார் என்று பேனாவைக் கணேசலிங்கத்திடம் நீட்டினாள்.

கணேசலிங்கம் போர்டுக்கு முன்னால் நின்றார். மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். இந்த வருடம் மழை குறைவாக இருக்கும் என்று வானிலையில் சொல்வதாகச் சொன்னார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். மண்டபத்தில் பாதிப் பேருக்கு விசயம் தெரியும், அவர்கள் எல்லோரும் காலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எல்லோரும் மிக்சர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். றஜீனா நிறுத்தவில்லை. வழக்கத்தை, அதன் பெயரோடு, சுப்பிரமணியனின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அவர் முதலில் சிரித்தார். "என்னம்மா சொல்றீங்க? முதல் தடவ நான் ஸ்ட்ரைக்ல அவுட்டானதே இல்ல. நல்ல பந்து எது, கெட்ட பந்து எதுன்னு எனக்குக் கண்ணு சொல்லும். அதாம்மா காரணம்."

அவர் திரும்பித் தன் அணிக்காரர்களைப் பார்த்தார். அவர்களும் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணேசலிங்கத்தைப் பார்த்தார். கணேசலிங்கம் சுவரைப் பார்த்தார்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேனே" என்றார் சுப்பிரமணியன், யாரிடமும் இல்லாமல்.

அவர் கேட்டு வாங்கிய மரியாதை இது என்றே றஜீனா ஒரு வாரமாக நினைத்திருந்தாள். அந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவள் புத்தியில் படவே இல்லை. அதற்காகச் சொன்னதைத் திரும்ப விழுங்க முடியுமா? விழுங்கவும் அவளுக்கு விருப்பமில்லை. இத்தனை வருடமாக ஒரு மனிதரைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏமாற்றிவிட்டு அதை மரியாதை என்று சொல்கிறார்களே என்று அவளுக்கு மற்றவர்கள் மேல்தான் கோபம் வந்தது. சுப்பிரமணியன் எழுந்து, மிக்சர்ப் பெட்டியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, தனியாக வெளியே போனார்.

கணேசலிங்கம் அவளிடம் வந்து, சத்தம் போடாமல், "முடிஞ்சுது. இனி நீர் மைதானத்துக்கு வர வேண்டாம்" என்றார்.

அடுத்த நாள் சீசனின் முதல் ஆட்டம், ஈஸ்ட் ஹாமும் கிங்ஸ்பரியும். றஜீனா பூசைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக மைதானத்துக்குப் போனாள். வர வேண்டாம் என்று சொன்னவர் அவர், வராமல் இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லையே. காரின் பின்பக்கத்தைத் திறந்து நெஞ்சுக் காப்பை மாட்டிக்கொண்டு, முகக்கவசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போனாள். கணேசலிங்கம் ஓடிவந்து, இன்றைக்கு ப்ளேட் யோகராஜாவுக்கு என்றார். யோகராஜா, தனக்கு இன்னும் போல் எது ஸ்ட்ரைக் எது என்று பிடிபடவில்லை, பேஸில்தான் நிற்பேன் என்றார். ஜெனோஜாவைக் கேட்டார். ஜெனோஜா, போன தடவை நின்றே அவமானப்பட்டது காணும் என்றாள். மற்ற இரண்டு பேரும் அவர் கேட்குமுன்னே ஆளுக்கொரு பேஸுக்கு நடந்துவிட்டார்கள். கணேசலிங்கம் வானத்தைப் பார்த்தார். மழைகூட வரவில்லை.

சுப்பிரமணியன் வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்திருந்தார். உடுப்பெல்லாம் போட்டு, யாரோடும் பேசாமல், மட்டையைப் பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையின் முனையில் உட்கார்ந்திருந்தார். தன் முறை வந்ததும் எழுந்து வந்து ப்ளேட்டில் நின்றார். றஜீனாவின் பக்கம் திரும்பவில்லை. முதல் பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டார். இரண்டாவது எட்டாமல் போனது, போல் என்றாள். மூன்றாவதையும் வீசித் தவறவிட்டார். பந்து போடுகிறவர் நெற்றியைத் துடைத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த மனிதருக்கு உண்மையாகவே பந்து போட வேண்டியிருக்கிறதே என்று.

அடுத்த பந்து தாழ்வாக வந்தது, முட்டியை உரசுகிற உயரத்தில். சுப்பிரமணியன் விட்டுவிட்டார். றஜீனாவுக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. கையை மடக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஸ்ட்ரைக், அவுட்.

சுப்பிரமணியன் மெதுவாகத் திரும்பினார். தலை குனிந்து போய்விடுவார், அதோடு லீக்கும் போய்விடும் என்று கணேசலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது முட்டிக்குக் கீழம்மா" என்றார் சுப்பிரமணியன்.

"முட்டியில வந்தது, ஐயா. அவுட்."

"கீழ. எல்லாரும் பாத்தாங்க. நீங்க கண்ணாடி போட்டுட்டு வந்து நில்லுங்க."

"இன்னொரு சொல்லுச் சொன்னா வெளியில அனுப்புவன்."

இன்னொரு சொல் என்ன, அவர் வாயிலிருந்து ஒரு வண்டிச் சொல் வந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மட்டையை நிலத்தில் அடித்து, தஞ்சாவூரில் எங்கெங்கோ விட்டுவிட்டு வந்த வார்த்தைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார். அம்பயரோடு சண்டை பிடிக்க வேண்டிய தேவையே இத்தனை வருடத்தில் அவருக்கு வந்ததில்லை. அன்றைக்குச் சேர்த்துப் பிடித்தார். றஜீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையை நீட்டி வேலிக்கு வெளியே காட்டினாள். தீர்ப்பை எதிர்த்து வாதாடுகிறவரை வெளியேற்றலாம் என்பது எழுதியிருக்கிற சட்டம், பணம் தருகிறவருக்கு விலக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனார். போய் வீட்டுக்குப் போகவில்லை. வேலிக்கு மறுபக்கம் நின்று, ஆட்டம் முடியும்வரை, அவள் சொன்ன ஒவ்வொரு தீர்ப்புக்கும் கத்திக்கொண்டே இருந்தார். அவருடைய அணிக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராக அவரோடு சேர்ந்து கத்தினார்கள். றஜீனா ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முகக்கவசத்துக்குள்ளே அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தக் கோபத்தில் பொய் இல்லை.

ஆட்டம் முடிந்து அவள் காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் கார் பார்க்குக்கு வந்தார். பின்னாலேயே கணேசலிங்கமும் ஓடி வந்தார், மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு.

"அது பால்தான்" என்றார் சுப்பிரமணியன்.

"ஸ்ட்ரைக்" என்றாள் றஜீனா.

அவர் கணேசலிங்கத்தின் பக்கம் திரும்பினார். அடுத்த ஞாயிறு வெஸ்ட் ஈலிங்கோடு தங்களுக்கு ஆட்டம் இருக்கிறதே, ப்ளேட்டுக்குப் பின்னால் யார் என்று கேட்டார். கணேசலிங்கம் வியர்த்துப்போய், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், வேறு நல்ல ஆளாகப் பார்த்துப் போடுகிறேன் என்றார்.

"இவங்க நிக்கட்டும்" என்றார் சுப்பிரமணியன். "வேற யாராவது நின்னா நான் மட்டையைத் தொடமாட்டேன். நீங்க நிறுத்துற ஆளு சொல்ற பால் எதையும் இனிமே நான் நம்புறதா இல்ல."